பதினாலு மில்லி கோணல்

டிரிங்... டிரிங்... டிரிங்...

காலை மணி ஒன்பது நாற்பத்திரண்டு. ஸ்டேஷன் போன் அலறியது.

ஏட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். வைத்த வேகத்தில் ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

மறுமுனையில் ஒரு பெண்ணின் அலறல்!

"கொன்னுட்டான்... என் புருஷனைக் கொன்னுட்டான்!"

"யாரும்மா? யாரு யாரைக் கொன்னது? கொஞ்சம் நிதானமா..."

"என் தம்பி! என் கூடப் பொறந்தவன்! சீக்கிரம் வாங்க... அவன் ஓடிடப் போறான்!"

"எங்கேருந்து பேசறீங்க?"

"டேப் ஒர்க் ஷாப்!"

லைன் அறுந்தது.

எதிர் மேஜையில் இருந்த இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாற்பது வயது. நரைத்த நெற்றிமுடி. அவள் எழுந்தால் ஸ்டேஷனில் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

"என்ன ஏட்டு?"

"அக்கா புருஷனைத் தம்பி தீர்த்துட்டானாம் மேடம். போன் பண்ணினதே அக்காதான்."

"கூடப் பொறந்த அக்காவேவா காட்டிக் கொடுக்கறா? ஜீப்பை எடுங்க!"



டேப் ஒர்க் ஷாப்.

கீழே தகரக் கூரை போட்ட ஷெட். பக்கத்தில் ஏணிப்படி. மேலே இரண்டு அறை வீடு. ஷெட்டுக்குச் சொந்தக்காரருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். அதனால் 'டேப்'. அளக்காமல் பேசமாட்டார். பேசியதை மாற்றமாட்டார்.

இனிமேல் பேசவும் மாட்டார்.

ஷெட்டின் நடுவில் நான்கு சக்கரங்களோடு ஒரு புத்தம்புது எலும்புக்கூடு. மெக்கானிக்குகள் பாஷையில் சேஸ். எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் நவீனம். அதற்கு மேலே, உத்தரத்தில் மாட்டிய, சங்கிலியை இழுத்துப் பாரம் ஏற்றி இறக்கும் செயின் பிளாக்கிலிருந்து ஒரு கேபின் தொங்கியது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய பிக்கப் லாரியின் உருண்டை மூக்குக் கேபின். பச்சைப் பெயிண்ட் இன்னும் வாசம் போகவில்லை.

பின்பக்க பெல்ட் கேபினைப் பிடித்துக்கொண்டிருந்தது.

முன்பக்க பெல்ட் அறுந்துவிட்டது!

கேபினின் மூக்கு சேஸின் மேல் குப்புற விழுந்திருந்தது. நடுவில் டேப்! கழுத்தில் அளவு டேப் அப்படியே இருந்தது. கழுத்துதான் அப்படியே இல்லை.

ஏட்டு கண்ணை மூடித் திறந்தார்.

"பழைய கேபினைப் புது சேஸ் மேல ஏத்தறாங்க மேடம். தாத்தா தலை, பேரன் காலு."

"வாயை மூடிட்டு போட்டோகிராபரைக் கூப்பிடுங்க."

சுவரோரம் ஒரு ஆயில் டிரம்மில் முப்பது வயது இளைஞன் உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கரி. நெற்றியில் வெல்டிங் கண்ணாடி. அவன் எதிரே தலைவிரி கோலமாக ஒரு பெண். டேப்பின் மனைவி.

"இவன்தான் மேடம்! இவனைத்தான் நான் தூக்கி வளர்த்தேன்! நேத்து இதே இடத்துல நின்னு எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, 'உன்னைத் தீர்த்துட்டுத்தான் மறுவேலை'ன்னு கத்தினான். தெருவே கேட்டுச்சு!"

வெல்டர் தலையைத் தூக்கினான். கண் சிவந்திருந்தது.

"ஆத்திரத்துல சொன்னேன்க்கா. ஆத்திரத்துல சொல்றதெல்லாம் செய்யறதா இருந்தா இந்தத் தெருவுல பாதிப் பேர் உயிரோட இருக்க மாட்டாங்க."

"செஞ்சுட்டுத்தானேடா உட்கார்ந்திருக்கே!"

"நான் வாசல்ல கேஸ் சிலிண்டர் இறக்கிட்டிருந்தேன்! சிலிண்டர்க்காரன்கிட்ட கேளு!"

"கேட்காமலே தெரியும்டா உன்னை!"

இன்ஸ்பெக்டர் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"போதும். அழறதும் திட்டறதும் அப்புறம். நான் கேட்கிறதுக்குப் பதில் மட்டும். அம்மா, உங்க வீட்டுக்காரர் எத்தனை மணிக்குக் கீழே வந்தார்?"

"ஒன்பதரைக்கு. 'கேபினை இறக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டு வரேன்'னு சொன்னார்."

"ஸ்டேஷனுக்கா? எதுக்கு?"

"சொல்லலை. அளந்து முடிக்காம எதையும் சொல்லமாட்டார். நேத்து ராத்திரி பூரா யோசனைதான். 'சின்ன விஷயம் இல்லடி'ன்னு மட்டும் சொன்னார்."

"தனியா இறக்கினாரா?"

"எப்பவும் செயினை நான்தான் இழுப்பேன் மேடம். பதினஞ்சு வருஷமா நான்தான். இன்னிக்கு அடுப்புல வேலையா இருந்தேன்... 'நானே பார்த்துக்கறேன்'னு..." அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேபினுக்கும் சேஸுக்கும் நடுவுல தலையை எதுக்கு விட்டார்?"

வெல்டர் பதில் சொன்னான்.

"மாமா பழக்கம் மேடம். ஒரு முழம் இருக்கும்போது செயினை நிறுத்துவார். உள்ளே தலையை நீட்டி போல்ட் ஓட்டை நேரா வருதான்னு பார்ப்பார். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கட்டை வச்சுட்டுப் பாருங்கன்னு."

"அவர் தலையை நீட்டுவார்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எவ்வளவு தைரியமா சொல்றே!"

"இந்தக் கடைக்கு ஒரு தடவை வந்த எல்லாருக்கும் தெரியும் மேடம்."



போட்டோகிராபர் முடித்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் ஜாக்கி வைத்துக் கேபினைத் தூக்கி டேப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். மனைவி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் அழவில்லை. தம்பியை முறைத்தபடி ஏணிப்படியில் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் அறுந்த நைலான் பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பாதி பெல்ட் பிய்ந்து நார்நாராக இருந்தது. மீதிப் பாதி... பழுப்பாக, பளபளவென்று உருகி இறுகியிருந்தது.

நெருப்பு!

உள்பக்கமாகச் சுட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெறும் கேபின் தொங்கும்வரை தாங்கும். செயினை இழுத்து, நிறுத்தி, ஒரு குலுக்கல் குலுக்கினால்...

"இந்தக் கடையில நெருப்பு யாரோட தொழில்?" என்றாள் இன்ஸ்பெக்டர் வெல்டரைப் பார்த்து.

ஏட்டு விலங்கைக் கையில் எடுத்தார்.

வெல்டர் எழுந்து வந்தான். பெல்ட்டைத் தொடாமல் குனிந்து பார்த்தான்.

"மேடம், என் கேஸ் டார்ச்ல சுட்டா இது இப்படியா இருக்கும்? ஒரு நொடியில பெல்ட் மொத்தமும் கரியாகியிருக்கும். இது சின்ன நெருப்பு. சிகரெட் லைட்டர். மெதுவா, பொறுமையா சுட்டிருக்காங்க. எனக்குப் பீடி சிகரெட் பழக்கம் இல்லை. டார்ச்சைப் பத்த வைக்கக்கூட உரசினா பொறி வர்ற கம்பிதான் வச்சிருக்கேன்."

"அம்மா, உண்மையா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

மனைவி வேண்டாவெறுப்பாகத் தலையசைத்தாள். "பழக்கம் கிடையாது."

"கேபின் எப்பலேருந்து தொங்குது?"

"நேத்து சாயங்காலம் நாலு மணி."

"அதுக்கப்புறம் இங்கே யார் வந்தா?"

வெல்டர் ஒரு கணம் தயங்கினான்.

"பல் டாக்டர். வண்டிக்குச் சொந்தக்காரர். ஆறு மணிக்கு வந்தார். போட்டோ எடுக்கணும்னு கால் மணி நேரம் தனியா நின்னார்."

"அவர் சிகரெட்..."

"ஊதித் தள்ளுவார் மேடம்!"

ஏட்டு விலங்கைத் திரும்ப இடுப்பில் மாட்டினார்.

இன்ஸ்பெக்டர் சேஸைச் சுற்றி நடந்தாள். இரண்டாவது சுற்றில் நின்றாள். கறுப்பு இரும்பின் மேல் சாக்பீஸில் இரண்டு எண்கள்.

2412.

2398.

இரண்டாவது எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் பெரிய கேள்விக்குறி!

"இது யார் எழுத்து?"

"அவரோடது," என்றாள் மனைவி. "நேத்து மத்தியானம் அளந்தது. ரெண்டு வாரம் குடலிறக்க ஆபரேஷன்னு படுத்துக் கிடந்தவர், நேத்துதான் கீழே இறங்கினார். முதல் வேலையா இதை அளந்தார். அப்புறம்தான் இவனோட சண்டை."

"என்ன அளவு இது?"

"குறுக்களவு மேடம்," என்றான் வெல்டர். "முன்னாடி வலது மூலையிலேருந்து பின்னாடி இடது மூலைக்கு ஒண்ணு. முன்னாடி இடதுலேருந்து பின்னாடி வலதுக்கு ஒண்ணு. கம்பெனி போட்ட ஓட்டையிலேருந்து ஓட்டைக்கு. ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்."

"இல்லையே. பதினாலு மில்லி வித்தியாசம்."

"அப்படின்னா சேஸ் கோணல். முன்பக்க இடது மூலை எதுலயோ மோதிப் பின்னாடி தள்ளிப்போயிருக்கு."

இன்ஸ்பெக்டர் சட்டென்று ஏட்டு பக்கம் திரும்பினாள்.

"ஏட்டு... போன மாசம் கடைசிப் புதன்கிழமை... விடிகாலை அஞ்சு மணி..."

"பைபாஸ் வளைவு, மேடம். சைக்கிள்ல பேப்பர் போடப் போன ஆள். அடிச்சுப்போட்டு நிக்காமப் போன வண்டி. உடைஞ்சு கிடந்த இடது பக்க ஹெட்லைட் கண்ணாடியை வச்சு எந்த மாடல்னு கண்டுபிடிச்சோம். ஊருக்குள்ள அந்த மாடல் முப்பத்தொண்ணு. ஒவ்வொண்ணா பார்த்தோம்."

"பல் டாக்டர் வண்டி?"

ஏட்டு பாக்கெட் நோட்டைப் புரட்டினார். விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். அவர் முகம் மாறியது.

"இருபத்தேழாவது. 'அப்பாவோட பழைய கேபினை மாட்டறதுக்காகப் பாடி கழட்டி, ஒர்க் ஷாப்பில் உள்ளது. சேஸ் நம்பர் சரி'ன்னு எழுதியிருக்கு."

"யார் பார்த்துட்டு வந்தது?"

ஏட்டு நோட்டை மூடினார்.

"நான்தான் மேடம்."

"நல்லாப் பார்த்தீங்க! முகத்தைக் கழட்டிப் போட்டவன்கிட்ட போய்க் காலை எண்ணிட்டு வந்திருக்கீங்க!"

"மேலே இருந்த தகரத்தைத்தான் உடைச்சு வித்துட்டதா சொன்னாங்க..."

"போய் டாக்டரைக் கூட்டிட்டு வாங்க. பல்லோட!"



பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்தார். ஐம்பது வயது. மெல்லிய மீசை. சிகரெட் புகையோடு கிராம்பு நெடி.

"இன்ஸ்பெக்டர், நாற்காலியில ஒரு பேஷன்ட்டை வாயைத் திறந்து வச்சுட்டு வந்திருக்கேன்!"

"அவர் மூடிக்கட்டும். நீங்க திறங்க. பேப்பர்க்காரனை அடிச்சது நீங்கதானே?"

"என்னது?"

"அடிச்சிட்டு, வண்டியோட முகத்தை மறைக்க அப்பாவோட கேபினை மாட்ட நினைச்சீங்க. டேப் அளந்து பார்த்துட்டார். கேபின் இறங்கினதும் ஸ்டேஷனுக்கு வரதா இருந்தார். நேத்து சாயங்காலம் பெல்ட்டை லைட்டரால சுட்டீங்க!"

டாக்டருக்கு மீசை துடித்தது.

"உளறாதீங்க! எங்கப்பா அந்தப் பிக்கப்புலதான் பால் கேன் ஏத்தி என்னைப் படிக்க வச்சார். அதை ஓட்டிப் பார்க்கணும்னு பத்து வருஷமா ஆசை. பழைய சேஸ் துருப்பிடிச்சுப் போச்சு. அதனாலதான் என் புது வண்டியோட சேஸைக் கொடுத்தேன். அதுக்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம்? விபத்து புதன்கிழமை. நான் வண்டியை இங்கே விட்டது திங்கட்கிழமை!"

"பொய்!" வெல்டர் பாய்ந்து வந்தான். "வியாழக்கிழமை விட்டீங்க! வியாழக்கிழமை காலைல! வரும்போதே முன்பக்கத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டு வந்தீங்க!"

"அடப்பாவி! திங்கட்கிழமை உன் கையிலதானேடா சாவியைக் கொடுத்தேன்!"

"என் மாமாவைக் கொன்னுட்டு என்னையே 'டா' போடறியா? பல்லைப் பிடுங்கறவனுக்கு உயிரைப் பிடுங்கறது பெரிசா?"

"வாயை அளந்து பேசு!"

"அளக்கிற மனுஷனைத்தான் கொன்னுட்டீங்களே!"

"நிறுத்துங்க!" இன்ஸ்பெக்டர் குரல் தகரக் கூரையில் மோதியது. "அம்மா, வண்டி வந்த நாள் உங்களுக்குத் தெரியுமா?"

மனைவி உதட்டைக் கடித்தாள்.

"அந்த வாரம் முழுக்க நாங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருந்தோம் மேடம். கடை இவன் பொறுப்புல இருந்துச்சு."

"டாக்டர், சாட்சி இருக்கா?"

"என் கிளினிக் பொண்ணைக் கேளுங்க! திங்கட்கிழமையிலேருந்து பஸ்ஸுலதான் வரேன்!"

"உங்ககிட்ட சம்பளம் வாங்கற பொண்ணு. நீங்க சூரியன் மேற்கே உதிக்குதுன்னாலும் 'ஆமா டாக்டர்'ம்பா."

டாக்டர் தொப்பென்று ஆயில் டிரம்மில் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டில் ஆயில் அப்பியது. அவர் கவனிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வெல்டர் பக்கம் திரும்பினாள்.

"சேஸ் கோணல்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மாமா அளந்தப்புறம்தான் மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

"சத்தியமாத் தெரியாது. சண்டையே அதுக்குத்தான். 'இதைக்கூடப் பார்க்காம ரெண்டு வாரமா என்னடா புடுங்கினே'ன்னு கேட்டார். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். அதுதான் நான் அவர்கிட்ட பேசின கடைசிப் பேச்சு மேடம்..."

அவன் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான்.

ஏணிப்படியில் ஒரு சலனம். அக்கா எழுந்து வந்தாள். அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"தம்பி... உன்னைப்போய்... என் நாக்குல புழு விழ! மன்னிச்சிடுடா..."

"பரவாயில்லைக்கா."

"இந்தப் பாவி சிகரெட் பிடிச்சிட்டு, சிரிச்சிட்டு, 'அம்மா தண்ணி குடுங்க'ன்னு கேட்டான்டா நேத்து. என் கையாலேயே கொடுத்தேன்டா!"

டாக்டர் கத்தினார். "நான் கொல்லலை!"

"கொன்னவன் எவன் 'கொன்னேன்'னு கைதூக்கினான்?" என்றார் ஏட்டு.

"வண்டி இடிபட்டதுன்னே எனக்குத் தெரியாது! சேஸ் கோணல்னு சாக்பீஸ்ல எழுதினா ஆச்சா? அந்த ஆள் தப்பா அளந்திருந்தா?"

அவ்வளவுதான்!

அக்கா விருட்டென்று நிமிர்ந்தாள். கண்களில் நெருப்பு.

"அவரா? தப்பாவா? செத்தவரை இன்னொரு தடவை கொல்றியா நீ?"

"நிரூபிங்க!"

"நிரூபிக்கிறேன்!" அவள் சேலையை இடுப்பில் செருகினாள். "மேடம், அவர் காலைல செய்ய வந்த வேலையை நான் முடிக்கிறேன். புது பெல்ட் கட்டிக் கேபினைத் தூக்கி இறக்கறேன். கேபின்ல நாலு போல்ட் ஓட்டை. சேஸ்ல அது உட்கார நாலு பிராக்கெட். சேஸ் கோணலா இருந்தா நாலாவது போல்ட் இறங்கவே இறங்காது. இந்த ஆள் கண் முன்னாடி பார்க்கட்டும்!"

"அது கோர்ட்ல செல்லுமா?" என்றார் ஏட்டு.

"எனக்குச் செல்லும்," என்றாள் இன்ஸ்பெக்டர். "இறக்குங்கம்மா."

"வேணாம்க்கா."

வெல்டரின் குரல்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மாமா ரத்தம் காயலை. அதுக்குள்ள எதுக்குக்கா? அதுவும் கேபின் விழுந்திருக்கு. வளைஞ்சிருக்கும். சரியாக் காட்டாது."

"அந்தக் காலத்துத் தகரம்டா. யானை உட்கார்ந்தாலும் நெளியாது. தள்ளு."

"மேடம், தடயம் கலைஞ்சிடும்..."

"போட்டோ எடுத்தாச்சு. ஏட்டு, இவனைக் கொஞ்சம் சுவரோரமா நிறுத்துங்க."



கரகர... கரகர... கரகர...

செயின் இறங்கியது. பதினைந்து வருஷப் பழக்கம். அக்காவின் கை ஒரே சீராக இழுத்தது.

எல்லோர் கண்ணும் கேபின் மேல்.

ஒரு முழம். காலையில் டேப் தலையை நீட்டிய உயரம். அவள் கை ஒரு நொடி நின்றது. பல்லைக் கடித்தாள். இழுத்தாள்.

ஒரு சாண்.

நான்கு விரல்.

ஒரு விரல்...

டொக்!

கேபின் உட்கார்ந்தது.

அவள் நான்கு போல்ட்டுகளைக் கையில் எடுத்தாள். பின்பக்கம் வலது... இறங்கியது. பின்பக்கம் இடது... இறங்கியது. முன்பக்கம் வலது... இறங்கியது.

முன்பக்கம் இடது.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அவள் போல்ட்டை ஓட்டையின் மேல் வைத்து விரலை விட்டாள்.

அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது!

சுத்தியல் வேண்டியிருக்கவில்லை. ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை. அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

"பார்த்தீங்களா!" டாக்டர் துள்ளி எழுந்தார். "என் சேஸ் நேரா இருக்கு! மோதவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை!"

"என்ன மேடம் இது?" ஏட்டு தலையைச் சொறிந்தார். "அப்போ செத்தவர் கணக்குத் தப்பா?"

"இவனை நம்பாதீங்க மேடம்," டாக்டர் வெல்டரைக் காட்டினார். "இவன் அவிழ்த்துவிட்ட கதை எல்லாம்..."

"உஷ்!"

சொன்னது அக்கா.

அவள் நாலாவது போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு டேப்பை எடுத்தாள். முழங்காலிட்டாள். முதலில் சாக்பீஸ் போட்ட குறுக்களவு இரண்டையும் எடுத்தாள்.

"ரெண்டாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு. ரெண்டாயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு. அவர் அளந்தது சரி. சேஸ் கோணல்தான்."

"அப்புறம் எப்படிம்மா போல்ட் இறங்குச்சு?"

அவள் டேப்பை நகர்த்தினாள். முன்பக்க வலது பிராக்கெட்டை, கம்பெனி ஓட்டையிலிருந்து அளந்தாள்.

"இருநூத்தி அறுபது."

இடது பிராக்கெட்.

டேப்பை எடுத்து மறுபடி வைத்து அளந்தாள்.

"இருநூத்தி எழுபத்தி நாலு."

"புரியற மாதிரி சொல்லுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர்.

அக்கா மெல்ல எழுந்தாள். குரலில் ஈரம் வற்றிப்போயிருந்தது.

"பழைய கேபினுக்குப் புது சேஸ்ல உட்கார இடம் இருக்காது மேடம். நாமதான் பிராக்கெட் செஞ்சு வெல்டு வைக்கணும். கேபின் போன வாரம் பூரா பெயிண்ட் ஷெட்ல இருந்துச்சு. இங்கே வச்சுப் பார்த்துக் குறிக்க வழியில்லை. எங்க வீட்டுக்காரர் படுக்கையிலேருந்தே அளவு எழுதிக் கொடுத்தார். ரெண்டு பக்கமும் இருநூத்தி அறுபது. ஒரே அளவு."

"சரி..."

"அந்த அளவுல வச்சிருந்தா இன்னிக்கு நாலாவது போல்ட் இறங்கியிருக்காது. ஆனா இடது பிராக்கெட்டை ஒருத்தன் நகர்த்தி வச்சிருக்கான். பதினஞ்சு இல்லை. பதிமூணு இல்லை. சரியாப் பதினாலு மில்லி. சேஸ் கோணல்னு தெரிஞ்சவன். எவ்வளவு கோணல்னும் அளந்தவன். போன வாரமே!"

இன்ஸ்பெக்டர் சுவரோரம் திரும்பினாள்.

"பிராக்கெட் வச்சது யாரு?"

கேட்கத் தேவையே இல்லை. வெல்டரின் முகத்தில் ரத்தம் இல்லை.

"அக்கா... நான் சொல்றதைக் கேளு..."

"நேத்துதான் தெரியும்னு சத்தியம் பண்ணினியேடா!"

அவன் வாசலைப் பார்த்தான். பாய்ந்தான்!

மூன்றடிதான். ஏட்டு காலை நீட்டினார். தடாலென்று விழுந்தவனின் முதுகில் முழங்காலை வைத்தார். விலங்கு கிளிக்கென்றது.

"சொல்லு," என்றாள் இன்ஸ்பெக்டர். "இல்லேன்னா நான் சொல்லவா? வண்டி வந்தது திங்கட்கிழமைதான்."

அவன் தரையோடு தரையாகப் பேசினான்.

"பாடியைக் கழட்டறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு ரவுண்டு... புது வண்டி... நூறுல போனேன். வளைவுல அந்த ஆள் வருவான்னு யாருக்குத் தெரியும்? அன்னிக்கே முன்பக்கத் தகரம் எல்லாத்தையும் உடைச்சு வித்துட்டேன். எப்படியும் கழட்டப்போற பாடிதானே, யார் கேட்கப் போறாங்க..."

"டேப் கேட்டார்."

"மாமா சேஸைத்தான் அளந்தார். பிராக்கெட்டை அளக்கலை. டாக்டர்தான் மோதிட்டார்னு நினைச்சார். கேபினை இறக்கிப் பார்த்துட்டு ஸ்டேஷனுக்குப் போறேன்னார். இறக்கினா... போல்ட் கச்சிதமா இறங்கினா... அவருக்கு ஒரு நிமிஷம் போதும், எல்லாம் தெரிஞ்சிடும்..."

"அதனால இறக்கவிடாமப் பண்ணிட்டே."

"லைட்டரை டாக்டர் போட்டோ எடுக்கும்போது பெஞ்சுல வச்சு மறந்துட்டுப் போயிட்டார். எடுத்துக்கிட்டேன்..."

"என் லைட்டரா!" டாக்டர் கோட்டுப் பையைத் தடவினார். "நேத்து ராத்திரிலேருந்து தேடறேன்!"

அக்கா தம்பியின் முகத்துக்கு நேரே குனிந்தாள். அடிக்கப்போகிறாள் என்று ஏட்டு நினைத்தார். அவள் அடிக்கவில்லை.

"போன்ல நான் முதல்ல சொன்னதுதான் சரி மேடம். என் தம்பிதான் கொன்னான். நடுவுல ஒரு பத்து நிமிஷம் அக்காவாயிட்டேன். அவ்வளவுதான்."

நிமிர்ந்தாள். ஏணிப்படி ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா! அக்கா!"

மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் அவனைத் தூக்கி நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அந்தப் பிராக்கெட்டை எழுதிக் கொடுத்த அளவுலயே வச்சிருந்தா, இன்னிக்குப் போல்ட் இறங்கியிருக்காது. பழி முழுசா டாக்டர் தலையில விழுந்திருக்கும். நீ மாமாவைக் கொல்லவே வேண்டியிருந்திருக்காது. எதுக்குடா நகர்த்தினே?"

வெல்டர் கேபினைப் பார்த்தான். இந்த நிலையிலும் அவன் பார்வை நான்கு போல்ட்டிலும் ஒருமுறை நின்று நகர்ந்தது.

"கோணலா உட்கார்ந்தா டாக்டர் கேள்வி கேட்பார்னு பயம் மேடம். அதுவும் தவிர... ஒரு வேலையைக் கோணலா விட என் கைக்கு வரலை."

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். டாக்டர் வாயைத் திறந்து வைத்துவிட்டு வந்த பேஷன்ட் ஞாபகம் வந்து பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடினார்.

ஏட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"முப்பது வருஷ சர்வீஸ் மேடம். வேலையை அரைகுறையா செஞ்சு மாட்டினவனைத்தான் பார்த்திருக்கேன். ஒழுங்கா செஞ்சதால மாட்டினவன் இவன்தான் முதல் ஆள். நினைச்சாலே பயமா இருக்கு!"

இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கிளப்பினாள்.

"இருபத்தேழாவது வண்டியை நீங்க பார்த்த லட்சணத்துக்கு, அந்த பயம் உங்களுக்கு எதுக்கு ஏட்டு? நீங்க ஆயுசுக்கும் மாட்டமாட்டீங்க!"